ஒரு வேளைக்கு ஒரு டப்பா

என் மகளுக்கு நான்கு மாதம் முடிந்தபோது என் விடுப்பும் முடிந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், குளிர் அறைகளுக்கான வெப்பநிலைக் கருவிகளைச் செய்யும் நிறுவனம் ஒன்றில் நான் தரப் பரிசோதனைப் பொறியாளர். மருந்து வைக்கும் அறை, காய்கறிக் கிடங்கு, ஐஸ்கிரீம் வண்டி என்று எங்கள் கருவிகள் பல இடங்களுக்குப் போகும். கருவி காட்டும் எண் உண்மைதானா என்று பார்ப்பது என் வேலை. புதிய பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பு எனக்குத்தான் என்று விடுப்பில் போவதற்கு முன்பே பேசி முடிவாகியிருந்தது. எங்கள் நிறுவனத்தில் அந்த மாதிரிப் பொறுப்புக்கு அதுவரை ஒரு பெண்ணும் வந்ததில்லை.

சிக்கல் ஒன்றுதான். என் மகளுக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தடவை பவுடர் பால் கொடுத்துப் பார்த்தோம். வயிறு உப்பிப்போய் அழுதாள். அந்த அழுகை அடங்கும்வரை வீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. முடிந்தால் ஆறு மாதம் வரை தாய்ப்பாலே கொடுங்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆகவே நான் பாலை எடுத்து வைத்துவிட்டுப் போக வேண்டும். நான் இல்லாத நேரத்தில் என் மாமியார் அதைக் கொடுக்க வேண்டும்.

தர்மபுரியில் இருக்கும் என் அம்மா போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "வேலைய விட்டுடு. குழந்தையவிட வேலை பெருசா?" நானும் கணவரும் மாமியாரும் உட்கார்ந்து பேசினோம். ஒரு மாதம் பார்ப்பது என்று முடிவாயிற்று. எடுத்து வைத்த பாலைக் குடித்துக் குழந்தையின் எடை ஏறினால் வேலை, ஏறாவிட்டால் ராஜினாமா. இந்த நிபந்தனையை யாரும் என்மேல் திணிக்கவில்லை. நானேதான் சொன்னேன்.

பதற்றம் வந்தால் நான் பட்டியல் போடுவேன். பாலை எதில் வைப்பது என்பதற்கு நான்கு நிபந்தனைகள் எழுதினேன். இட்லிப் பானையில் வைத்து ஆவியில் வேகவைக்கும்படி இருக்க வேண்டும். மூடி ஒழுகக் கூடாது. அழுக்கு ஒளிந்துகொள்ளும் மூலைகள் உள்ளே இருக்கக் கூடாது. ஒரு டப்பாவில் ஒரு வேளைப் பால்தான் பிடிக்க வேண்டும், ஏனென்றால் குழந்தை வாய் வைத்துவிட்டு மிச்சம் விட்ட பாலை மறுபடி குளிரில் வைக்க முடியாது. சின்ன எவர்சில்வர் டப்பா நான்குக்கும் சரிவந்தது.

மாமியாருக்குப் பிறந்த ஊர் பூந்தமல்லி. பாத்திரம் என்றால் அவருக்கு அங்கேதான். மெட்ரோ வேலை நடக்கும் தூசியைத் தாண்டி, அவருக்குப் பல வருடம் பழக்கமான ஒரு கடைக்குக் கூட்டிப்போனார். நான் கேட்ட அளவைப் பார்த்ததும் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாமா இது, சுண்ணாம்பு வெக்கறதுக்கா?"

"பால் வைக்க, பாய்."

"இதுலயா? பூனைக்கு வெச்சாகூடத் திட்டிட்டுப் போவும்."

"அய்ய, நீ டப்பாவ எடு பாய்" என்றார் மாமியார். "பேத்திக்கு. இவ வேலைக்குப் போறா. பால எடுத்து வெச்சுட்டுப் போவப் போறா."

கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளேயிருந்து ஒரு அட்டைப்பெட்டி நிறைய எடுத்து வந்தார். மூடிக்குள் ரப்பர் வளையம் போட்ட டப்பாக்கள்.

"தண்ணி இருக்கா பாய்?"

"குடிக்கவா?"

"டப்பால ஊத்த."

ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி மூடி, பழைய செய்தித்தாளின் மேல் தலைகீழாகக் கவிழ்த்தேன். கல்லா மேஜை முழுக்க டப்பாக்கள். குக்கர் வாங்க வந்த ஒருவர் தன் கையிலிருந்த குக்கரை வைக்க இடமில்லாமல் நின்றார்.

"எம்மா நேரம் இப்படியே பாத்துகினு இருக்கணும்?" என்றார் கடைக்காரர்.

"பேப்பர் நனையுதான்னு பாக்கணும். நனையலன்னா எடுத்துக்கிறேன்."

கொஞ்ச நேரத்தில் அவருக்கே அதில் ருசி வந்துவிட்டது. குனிந்து, கண்ணைச் சுருக்கி, "தோ, இது அழுவுது, அந்தாண்ட வை. இது நல்ல புள்ள. இதுவும் அழுவுது" என்று அவரே பிரித்து வைத்தார். கடைசியில் மாமியாரிடம், "உன் மருமவ என் கடையவே பெயில் பண்ணிட்டா" என்றார். மாமியார் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பு, ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் எங்கள் வீட்டுக்கு ஆட்டோ வந்து சேரும்வரை அப்படியே இருந்தது.

அடுத்த போராட்டம் ஃபிரிட்ஜில். கதவுப் பக்கம் திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும். நடுத்தட்டின் பின்பக்கம்தான் நிலையான குளிர். அந்த இடத்தில் மாமியாரின் இட்லி மாவுத் தூக்கு பல வருடமாகக் குடியிருந்தது.

"மாவ எங்க வெக்கறது? என் தலைமேலயா?"

"கீழ்த்தட்டுல, அத்தே."

"கீய வெச்சா பொங்கிடும்."

"பொங்கினா நல்லதுதானே, இட்லி பஞ்சாட்டம் வரும்" என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நீ சும்மா இர்றா. உனக்கு இட்லி வேணும், அவளுக்கு எடம் வேணும், இந்த ஊட்ல எனக்கு இன்னா வேணும்னு ஒருத்தனும் கேக்கறதில்ல" என்று சொல்லிக்கொண்டே தூக்கைக் கீழே இறக்கி வைத்தார்.

கொடுக்கும் முறையையும் செய்து காட்டினேன். டப்பாவை வெந்நீர்க் கிண்ணத்தில் உட்கார வைத்துக் குளிர் போக்க வேண்டும். கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு சங்கில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். மாமியார் ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே செய்து காட்டினார். என் மகளும், மூக்கு நீண்ட அந்த எவர்சில்வர் சங்கை வாயில் வாங்கி, என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

வேலைக்குப் போனேன். அலுவலகத்தில் பால் எடுக்க இடமில்லை. பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது; அந்த அறையைக் கேட்டு வாங்கினேன். டீ போடும் இடத்து ஃபிரிட்ஜ் எப்போதும் பாதி திறந்தே கிடக்கும். அதை நம்ப முடியாது. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் மாதிரிகள் வைக்கும் சிறிய ஃபிரிட்ஜ் ஒன்று உண்டு. அதன் குளிர் கட்டிடத்திலேயே துல்லியமானது. அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதைச் சரிபார்ப்பதே நான்தான். அதில் ஒரு தட்டு வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் மேஜையிலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டே "ஓகே, ஓகே, ஓகே" என்றார்.

டப்பாக்களின் மேல் எங்கள் கூடத்து வழக்கப்படி "மாதிரி – திறக்கக் கூடாது" என்று சீட்டு ஒட்டினேன். எங்கள் ஆட்கள் டிபன் பாக்ஸைத் திறந்து பார்ப்பார்கள். மாதிரியைத் தொட மாட்டார்கள். அடுத்த பிரிவிலிருந்து வந்த ஒருவர் மட்டும் கேட்டார்.

"இது என்ன மாதிரி மேடம்? ரிப்போர்ட்டே வரலையே?"

"ரிப்போர்ட் வீட்ல படுத்துக் காலாட்டிட்டு இருக்கு."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் ஃபிரிட்ஜ் கதவை, தூங்கும் குழந்தை இருக்கும் அறைக் கதவைச் சாத்துவதுபோலச் சாத்திவிட்டுப் போனார்.

மாலையில் ஐஸ் கட்டிகள் வைத்த பையில் டப்பாக்களை எடுத்துக்கொண்டு ரயிலேறி ஆவடி வருவேன். கூட்டத்தில் பையை மடியிலிருந்து இறக்கியதே இல்லை. அன்றைக்கு எடுத்த பால் மறுநாளுக்கு. எல்லாம் கணக்காக நடந்தது. அதனால்தான் இரண்டாவது வாரம் போனில் மாமியாரின் குரல் மாறியபோது எனக்குப் பிடிபடவில்லை.

"பாப்பா குடிச்சாளா அத்தே?"

"குடிச்சா, குடிச்சா."

"முழுசாவா?"

"இருந்தத குடிச்சா. நீ வேலையப் பாரு."

இருந்ததை என்றால் என்ன? டப்பாவில் நான் வைத்ததுதானே இருக்கும்? ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் குழந்தை என்னிடம் தாவிக் குடித்த வேகம், பகலெல்லாம் பசியோடு இருந்த குழந்தையின் வேகம். மருத்துவமனையில் எடை பார்த்தார்கள். ஏறவில்லை. இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரி மனதில் ஓடிற்று.

எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். ஃபிரிட்ஜுக்குள் வெப்பமானி வைத்துப் பார்த்தேன், சரி. ஐஸ் பை, சரி. மூடிகள், ரப்பர் வளையங்கள், கழுவும் முறை, எல்லாம் சரி. டப்பாவில் இருந்த பாலை நானே நாக்கில் விட்டுப் பார்த்தேன், கெடவில்லை. எல்லாம் சரியாக இருந்து முடிவு மட்டும் தவறாக வந்தால் பரிசோதனை செய்பவருக்கு அதைவிட வேதனை கிடையாது. மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான். என் பாலிலேயே சத்தில்லை என்று நினைக்க ஆரம்பித்தேன்.

ஒரு சனிக்கிழமை, தொழிற்பேட்டையில் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தினார்கள். எங்களை முற்பகலிலேயே அனுப்பிவிட்டார்கள். நான் கதவைத் திறந்து உள்ளே வந்தபோது மாமியார் சமையலறையில் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். ஒரு டப்பாவைத் திறந்து, மேலே திட்டாக மிதந்த மஞ்சள் ஏட்டைக் கரண்டியால் வழித்துத் தொட்டியில் உதறினார். அடியில் இருந்த நீர்த்த பாலைக் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி அடுப்பில் ஏற்றினார். பொங்கி வரும்வரை காத்திருந்து அணைத்தார்.

"அத்தே! என்ன பண்றீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். "நீ எப்போ வந்த?"

"பாலை ஏன் காய்ச்சறீங்க?"

"பின்ன? பச்சப் பாலயா கொயந்தைக்குக் குடுப்பாங்க?"

எந்த வீட்டில் கொடுப்பார்கள்? பாக்கெட் பால் ஆனாலும், கறந்த பால் ஆனாலும், எங்கள் வீடுகளில் பால் என்றால் காய்ச்சித்தான் வாயில் படும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலைக் காய்ச்சாமல் பச்சைக் குழந்தைக்குக் கொடுக்க அவருக்குக் கை வரவில்லை. முதல் வாரம் என் முறைப்படி செய்திருக்கிறார். பிறகு ஒரு நாள் வெந்நீரில் வைக்கும் முன்பே டப்பாவைத் திறந்து பார்த்தபோது பால் இரண்டாகப் பிரிந்து நின்றிருக்கிறது. மேலே கெட்டி, கீழே தண்ணீர்.

"திரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். கெட்டுப் போனத வயிச்சுப் போட்டுட்டு நல்லதக் காச்சிக் குடுத்தேன். காச்சினா அது வாயத் தெறக்க மாட்டேங்குது. துப்புது."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அத்தே?"

அவர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். "சொன்னா நீ வேலைய உட்டுடுவ. பால் கெட்டுப் போவுதுன்னு தெரிஞ்சா அன்னிக்கே லெட்டர் எயிதிக் குடுத்துடுவ. உன்னத் தெரியாதா? அதான் சொல்லல. எப்படியாவது சமாளிச்சுடலாம்னு பாத்தேன்."

நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வேலையைக் காப்பாற்றத்தான் அவர் தினமும் அந்த ஏட்டை வழித்து எறிந்திருக்கிறார். குழந்தையின் எடை எல்லாம் அந்த ஏட்டில்தான் இருந்தது.

உட்கார்ந்தபடியே ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அத்தே, அவ எங்கிட்ட நேரா குடிக்கறாளே, அத யாரு காய்ச்சறாங்க?"

மாமியார் என்னைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். முதலில் தோள் குலுங்கிற்று. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அடிப்பாவி, அடுப்பு எங்கடி வெக்கறது?" என்றார். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழும்வரை இரண்டு பேரும் சிரித்தோம்.

அழுத குழந்தைக்கு இன்னொரு டப்பாவை எடுத்தேன். வெந்நீரில் வைத்து, குலுக்காமல், மணிக்கட்டை மெல்லச் சுழற்றினேன். மேலே நின்ற ஏடு பாலோடு கலந்து காணாமல் போயிற்று. "அட, சேந்துடுச்சு!" என்றார் மாமியார். சங்கை அவரே வாங்கி ஊட்டினார். மகள் ஒரு சொட்டுகூடத் துப்பவில்லை.

அதற்குப் பிறகு பகல் போனில் என் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. நான் ஹலோ சொல்லும் முன்பே "டப்பா காலி" என்பார். பாலைப் பற்றி எனக்கே உத்தரவு வர ஆரம்பித்தது. "நேத்து வெச்ச டப்பா முன்னால நிக்கணும், இன்னிக்கி வெச்சது பின்னால. பழசு முதல்ல காலியாவணும், தெரியுதா?" எங்கள் கிடங்கில் புது ஆட்களுக்கு இதை விளங்க வைக்கத் தனிப் பயிற்சி வகுப்பே நடக்கும்.

டாக்டர் சொன்ன கெடு நெருங்கிய வாரத்தில் மழை பிடித்தது. ஒரு நாள் காலை நான் அலுவலகம் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் கோவில்பதாகையில் மின்சாரம் போய்விட்டது. முந்தின நாள் மிஞ்சியதும் சேர்த்து, வழக்கத்தைவிட அதிக டப்பாக்கள் உள்ளே இருந்தன. மதியம் ரயில் நின்றுவிட்டது என்று செய்தி வந்தது. போன் செய்தேன்.

"அத்தே, கரண்ட் வந்துச்சா? ஃபிரிட்ஜத் திறக்காதீங்க! திறந்தா குளிர் போயிடும்."

"இன்னாத்துக்குக் கத்தற? பால் ஃபிரிட்ஜுல இல்ல."

"பின்ன எங்க?"

"ஐஸ்ல கீது. மீன்காரம்மா வந்துச்சு. மீன் வேணாம், ஐஸ் குடுன்னேன். என்ன ஒரு மாதிரிதான் பாத்துது. கவர்ல போட்டு, கவர் மேல கவரு சுத்தி, அந்தப் பெரிய ஹாட்பேக் கீதுல்ல, பிரியாணி வெப்பமே, அதுல வெச்சு நடுவுல டப்பாங்கள அடுக்கிட்டேன். சூட்ட வெளிய உடாத டப்பா, குளிர மட்டும் உட்டுடுமா? நீ பத்திரமா வந்து சேரு. பாப்பா குடிச்சுட்டுத் தூங்கறா."

மேலாளர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "எல்லாம் ஓகேவா?" என்றார். என் மாமியார் ஒரு குளிர்பெட்டி வடிவமைத்திருக்கிறார் என்றேன். கம்பெனி வேனும் பிறகு ஷேர் ஆட்டோவும் மாறி, முழங்கால் தண்ணீரில் தெருவைக் கடந்து, சாயங்காலம் வீடு சேர்ந்தேன். ஈரப் புடவையைக்கூட மாற்றாமல் ஹாட்பேக்கைத் திறந்து கையை விட்டுப் பார்த்தேன். டப்பாக்கள் சில்லென்று இருந்தன. மூடிகள் இறுக்கமாக இருந்தன. ஒன்றிலும் மீன் வாசனை இல்லை.

"பாஸா, பெயிலா?" என்றார் மாமியார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"பாஸ், அத்தே."

"போய்த் தலையத் தொவட்டு."

தண்ணீர் வடிந்த பிறகு மருத்துவமனைக்குப் போனோம். குழந்தைகளோடு பெண்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பள்ளி ஆசிரியை. அவளுடைய விடுப்பு அடுத்த மாதம் முடிகிறதாம். என் மகளின் கன்னத்தைத் தொட்டுவிட்டு மாமியாரிடம் கேட்டாள்.

"என்ன பவுடர் குடுக்கறீங்க?"

"பவுடரா? எங்க ஊட்டுக் கொயந்தைக்கு இன்னாத்துக்குப் பவுடர்?"

"அம்மா வேலைக்குப் போறாங்கன்னு இப்பதானே சொன்னீங்க?"

"போறா. ஆபீஸரு. கம்பெனியில அவ கையெயுத்து இல்லாம ஒரு சாமான் வெளிய போவாது. அவ போவட்டும், பால் ஊட்ல கீது."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "கெட்டுப் போகாதாங்க?" என்றாள். நான் வாயைத் திறக்கும் முன் மாமியார் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "கெட்டுப் போவாது. மேல ஏடு நிக்கும், பயந்துகினு அத வயிச்சுப் போட்டுடாத, சத்தெல்லாம் அதுலதான். அடுப்புல ஏத்தாத..." என்று தொடங்கி, கையைக் காற்றில் மெல்லச் சுழற்றிக் காட்டினார். எதிரில் இருந்த இன்னொரு பெண்ணும் காதைக் கொடுத்தாள்.

உள்ளே எடைக் கருவியில் மகளைப் படுக்க வைத்தார்கள். அவள் காலை உதைத்ததில் எண் கொஞ்ச நேரம் ஆடிற்று. நின்றபோது டாக்டர் பழைய சீட்டைப் பார்த்தார், புது எண்ணைப் பார்த்தார். "நல்லா ஏறியிருக்கே. என்ன பண்ணீங்களோ, அதையே பண்ணுங்க" என்றார்.

வாசலில் ஆட்டோ பிடித்தோம். எனக்கு அரை நாள் வேலை மீதி இருந்தது. மாமியார் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார்.

"நீ கெளம்பு. இதுக்குப் பசிக்கற நேரம்" என்றார்.

ஆட்டோ திரும்பும்போது மகள் என்னைத் தேடுவாள் என்று நின்று பார்த்தேன். அவள் பாட்டியின் வளையலைப் பிடித்து வாயில் வைக்க முயன்றுகொண்டிருந்தாள். நான் ரயில் நிலையத்தை நோக்கி நடந்தேன்.